குளத்திலும் கடலிலும் பாசி: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

தண்ணீர் பச்சையானதும் பலரும் முதலில் கையில் எடுப்பது மயில் துத்தம் (காப்பர் சல்பேட்). இரண்டு மூன்று நாளில் தண்ணீர் தெளியும், மனசும் நிறையும். சில வாரம் கழித்து அதே பச்சை திரும்ப வந்து நிற்கும், சில சமயம் முன்னைவிட அடர்த்தியாக. செத்த பாசி உடைந்ததும் அதன் உடம்பில் இருந்த பாஸ்பரஸும் நைட்ரஜனும் தண்ணீருக்கே போய்ச் சேர்கின்றன. அதை உறிஞ்ச அடுத்த கூட்டம் தயாராக இருக்கிறது. அந்தக் கூட்டத்தை மேய்ந்திருக்க வேண்டிய சின்னஞ்சிறு உயிர்கள் துத்தத்திலேயே அடிபட்டிருக்கும்.

அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளோடுதான் தண்ணீரில் இறங்குவேன். சத்து எங்கிருந்து வருகிறது? வெளிச்சம் யாருக்குக் கிடைக்கிறது? மேய வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? குட்டையானாலும் பெருங்கடலானாலும் கேள்விகள் இவைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘பாசி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் நிறையப் பேரை அடைத்து வைத்திருக்கிறோம். படித்துறையில் வழுக்குவதும் பாசி, தண்ணீரைப் பச்சையாக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிரும் பாசி, வேரும் தண்டும் பூவும் உள்ள ஹைட்ரில்லாவும் பாசி, கடலில் மிதக்கும் பழுப்புக் கொத்தும் பாசி. பேச்சுக்கு இது போதும். வைத்தியம் பார்க்கப் போதாது. எந்தப் பாசி என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒரு குச்சியைத் தண்ணீருக்குள் விட்டு மெல்லச் சுழற்றி எடுங்கள். நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது இழைப்பாசி. பெயின்டில் முக்கியது போலப் பூச்சாக ஒட்டியிருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். ஒன்றுமே ஒட்டாமல் தண்ணீர் மட்டும் பச்சையாக இருந்தால் மிதவைப் பாசி.

அடுத்தது புட்டிச் சோதனை. கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, மூடி, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி அல்லது டயட்டம் என்ற ஒற்றைச் செல் நுண்பாசி. மேலே வளையமாக மிதந்து நின்றால் நீலப்பச்சைப் பாசி என்றே வைத்துக்கொண்டு நடங்கள். கையுறை போட்டு எடுப்பது நல்லது.

தெளிவை அளக்க 20 செ.மீ. விட்டமுள்ள தட்டு ஒன்று போதும். நான்கு கால்களாகப் பிரித்து மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும் பூசி, கயிற்றில் கட்டி இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அளவு. இதன் முன்னோடியான வெள்ளைத் தட்டை 1865-இல் மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்தவர் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார். இன்றும் செக்கி தட்டு என்றுதான் பெயர். தட்டு மறையும் ஆழத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழம்வரைதான் தாவரம் வாழப் போதுமான வெளிச்சம் போகும் என்று தோராயமாகக் கொள்ளலாம்.

கரைந்த ஆக்சிஜனையும் பி.எச். என்ற அமில-கார அளவையும் அளக்கக் கருவி இருந்தால், விடியற்காலையில் ஒரு முறை, பிற்பகல் 3 மணிக்கு ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் எடுத்த அளவு பாதிக் கதைதான் சொல்லும். ஏன் என்பது கீழே வரும்.

அறிகுறி: தண்ணீர் முழுக்கப் பச்சை, படலம் ஏதுமில்லை

செக்கி தட்டு 30 முதல் 60 செ.மீ. ஆழத்தில் மறைகிறது, புட்டியில் பச்சை அடியில் படிகிறது, விடியலில் மீன்கள் இயல்பாக இருக்கின்றன. இது மீன் வளர்க்கும் குளம் என்றால் இதில் கோளாறே இல்லை. அந்தப் பச்சைதான் குளத்தின் முதல் உணவு. விட்டுவிடுங்கள்.

தட்டு 20 செ.மீ.க்குள் மறைந்தால் சத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். எவ்வளவு மிஞ்சியது என்று கணக்குப் போட ஒரு விகிதம் உதவும். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934-இல் கடல் மிதவை உயிரிகளைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்த கணக்கு அது: அவற்றின் உடம்பில் 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். எடையாக மாற்றினால் 1 கிராம் பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ 40 கிராம் கார்பன். உலர்ந்த பாசியாகப் பார்த்தால் 100 கிராம் அளவுக்கு வரும். மீன் தீவனத்தில் பாஸ்பரஸ் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 10 கிலோ தீவனம் போட்டால் 100 கிராம் பாஸ்பரஸ். அதில் பாதி மீனின் உடம்பில் சேராமல் தண்ணீரில் தங்கினாலும், 5 கிலோ உலர் பாசிக்கான விதையை நம் கையாலேயே தூவிவிட்டோம். ஈரத்தோடு எடை போட்டால் அது பல மடங்கு.

ஆகவே முதல் வேலை தீவனத்தைக் குறைப்பது. அப்புறம் குளத்துக்குள் எங்கெங்கிருந்து தண்ணீர் வழிகிறது என்று மழை பெய்யும்போதே சுற்றி நடந்து பாருங்கள். உரம் போட்ட நிலம், துணி துவைத்த தண்ணீர், சாணக் குவியல், உதிர்ந்த இலை எல்லாமே வழிதான். வரும் வழியில் சில மீட்டர் அகலத்துக்குக் கோரையோ நாணலோ இருந்தால் வண்டலோடு வரும் பாஸ்பரஸில் கொஞ்சம் அங்கேயே தங்கும்.

பாஸ்பரஸைத்தான் குறைக்க வேண்டும் என்பதைக் கண்ணுக்கு நேராகக் காட்டியவர் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆராய்ச்சியாளர். 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட சிறிய ஏரியை நடுவே திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைக் கூழாக மாறியது, மற்றது தெளிந்தே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வாதமே தேவைப்படவில்லை.

சத்தைக் குறைத்தும் பச்சை அசையவில்லை என்றால் மேய்ச்சலைப் பாருங்கள். புட்டித் தண்ணீரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குதித்துக் குதித்து நீந்தும், பாசியை மேயும் 1 முதல் 3 மி.மீ. அளவு டாஃப்னியா என்ற சின்ன உயிர் தெரிகிறதா? தெரியாவிட்டால் அவற்றைத் தின்னும் சின்ன மீன்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம். சின்ன மீன்களைத் தின்னும் மீன் ஒன்றிரண்டு வகை இருக்கும் குளத்தில் டாஃப்னியா பிழைக்கும். டாஃப்னியா பிழைத்தால் தண்ணீர் தெளியும்.

அறிகுறி: பச்சைப் பெயின்ட் கொட்டியது போலப் படலம்

காற்றில்லாத காலையில், காற்று ஒதுக்கிய கரையோரமாக, தடித்த பச்சை அல்லது நீலம் கலந்த படலம். மண் வாடையோ அழுகல் வாடையோ வரும். இதுதான் நீலப்பச்சைப் பாசி. பெயரில் பாசி இருந்தாலும் இது பாக்டீரியா. இந்த அறிகுறியில் அவசரமும் ஆபத்தும் சேர்ந்து வருவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகைகளின் செல்லுக்குள் காற்று அடைத்த நுண்ணிய பைகள் உண்டு. அவற்றால் மேலே மிதந்து வந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கீழே இருக்கும் மற்ற பாசிகளுக்கு நிழல்தான் மிச்சம். சூடான, அசையாத, பாஸ்பரஸ் நிறைந்த தண்ணீர் இவற்றுக்குப் பிடித்த இடம். டோலிகோஸ்பெர்மம் போன்ற சிலவற்றால் காற்றின் நைட்ரஜனையே சத்தாக மாற்றிக்கொள்ள முடியும். அதனால் நன்னீரில் நைட்ரஜனை மட்டும் குறைத்துப் பாஸ்பரஸை விட்டுவைத்தால், போட்டியாளர்கள் பட்டினி கிடக்க, இது மட்டும் கொழுக்கும்.

எல்லா நீலப்பச்சைப் பாசியும் நஞ்சு சுரப்பதில்லை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் நஞ்சு உண்டு என்றே நடந்துகொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் குளிக்க வேண்டாம், மாட்டையும் நாயையும் இறக்க வேண்டாம், குடிக்கவே வேண்டாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சு கொதியில் அழியாது. செல் உடைந்து நஞ்சு வெளியே வரும், தண்ணீர் ஆவியாக ஆகச் செறிவும் கூடும். குடிநீரில் இந்த நஞ்சின் ஒரு வகையான மைக்ரோசிஸ்டின் எல்.ஆர். நெடுங்காலத்துக்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் பெருகிய இந்தப் பாசியால் டொலிடோ நகரில் 4 லட்சம் பேருக்கும் மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வழியில்லாமல் போனது. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்த நஞ்சு கலந்த தண்ணீர் சிறுநீரக டயாலிசிஸுக்குப் போனதால் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ‘வெறும் பாசிதானே’ என்று யாராவது சொல்லும்போது அவர்கள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள்.

செய்ய வேண்டியது: படலம் இருக்கும்போது மயில் துத்தமோ குளோரினோ போடாதீர்கள். உயிரோடு இருக்கும் செல்லுக்குள் நஞ்சு பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. கொன்றால் மொத்தமும் தண்ணீரில் கரையும். குடிநீர் எடுக்கும் இடம் என்றால் உறிஞ்சும் குழாயைப் படலத்துக்குக் கீழே இறக்கி, செல்லை உடைக்காமல் முதலில் வடிகட்டி, அதன் பிறகே குளோரின் சேர்க்க வேண்டும். நஞ்சுப் பரிசோதனை முடியும்வரை வேறு தண்ணீருக்கு மாறுங்கள். சிறிய குளத்தில் அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டுத் தண்ணீரை மேலும் கீழுமாகக் கலக்கினால் மிதக்கும் சலுகை போய்விடும். படிகாரம் பாஸ்பரஸைப் பிடித்து அடியில் உட்கார வைக்கும். ஆனால் காரத்தன்மை குறைந்த மென்னீரில் பி.எச். சரிந்து அலுமினியம் மீனைத் தாக்கும், அளக்காமல் போடாதீர்கள்.

இதன் உறவுக்காரர் ஒருவர் அசோலா இலைக்குள் குடியிருந்து நெல்வயலுக்கு நைட்ரஜன் சேர்த்துக் கொடுக்கிறார். இடம் மாறினால் குணம் மாறித் தெரிகிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

பகலில் எல்லாம் நன்றாக இருக்கும். காலை 5 மணிக்கு மீன்கள் நீர்மட்டத்தில் திணறும். நோய் என்று மருந்து தேடுவார்கள். பெரும்பாலும் இது மூச்சுத் திணறல்தான்.

30 டிகிரி சூட்டில் நன்னீரில் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 7.5 மி.கி. அளவுதான். அடர்ந்த பச்சைத் தண்ணீரில் பிற்பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து இதை 12, 15 வரைகூட ஏற்றிவிடும். சூரியன் மறைந்ததும் அதே பாசி, மீன், சேற்றிலுள்ள பாக்டீரியா எல்லாரும் சேர்ந்து மூச்சு விடுகிறார்கள். விடியலில் 2-க்குக் கீழே போயிருக்கும். அதனால்தான் இரண்டு நேரத்திலும் அளக்கச் சொன்னேன். பிற்பகல் அளவை மட்டும் பார்த்தவர் ‘ஆக்சிஜன் ஏராளம்’ என்று நிம்மதியாகப் போய்விடுவார்.

உடனே செய்ய வேண்டியது காற்றூட்டி ஓட்டுவது, அல்லது பம்பு வைத்துத் தண்ணீரை உயரே பீய்ச்சி அதே குளத்தில் விழ வைப்பது. தீவனத்தை நிறுத்துங்கள். அன்றைக்குப் பாசிக்கொல்லி கூடவே கூடாது: செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும். இரண்டு மூன்று நாள் மேகமூட்டம் தொடர்ந்தால், அல்லது கரும்பச்சைத் தண்ணீர் திடீரென்று பழுப்பாக மாறினால், அன்று இரவே காற்றூட்டியைத் தயாராக வையுங்கள். பாசி மொத்தமாகச் சரிகிறது என்பதன் அடையாளம் அது.

மீன் விடியலில் நன்றாக இருந்து, பிற்பகலில் சாகிறதா? அப்படியானால் ஆக்சிஜனை விட்டுவிட்டு அம்மோனியாவைப் பாருங்கள். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பி.எச். 9-ஐத் தாண்டலாம். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதம்கூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சாகிவிடும். அதே தண்ணீர், அதே அம்மோனியா, காலையில் பாதுகாப்பு, மாலையில் சாவு.

அறிகுறி: நூல் நூலாக, பஞ்சு மெத்தை போல மிதக்கிறது

கையில் எடுத்துப் பாருங்கள். பட்டுப்போல வழவழவென்று நழுவினால் ஸ்பைரோகைரா. பருத்தி நூல்போலச் சொரசொரப்பாக, கிளை விட்டு, கல்லைப் பிடித்திருந்தால் கிளாடோஃபோரா. இவை அடியில்தான் முளைக்கின்றன. பகலில் உண்டாகும் ஆக்சிஜன் குமிழிகள் இழைக்குள் சிக்கி மெத்தையை மேலே தூக்கும்.

வாரி எடுப்பதே சிறந்த வைத்தியம். பாசியோடு அதன் பாஸ்பரஸும் வெளியேறுகிறது. ஆனால் எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் சாறு குளத்துக்கே திரும்பும், தள்ளிக் கொண்டுபோய் உரமாக்குங்கள். பச்சைத் தண்ணீரைத் தெளிய வைத்தவர்களுக்கு அடுத்து இந்தப் பிரச்சினை வருவது சகஜம், ஏனென்றால் வெளிச்சம் இப்போது அடிவரை போகிறது. நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அல்லியோ தாமரையோ நிழல் தந்தால் இழைப்பாசி அடங்கும்.

நசுக்கினால் பூண்டு வாடை, தொட்டால் சுண்ணாம்பு ஏறிய சொரசொரப்பு, செடிபோல நிமிர்ந்து அடியில் நிற்கிறது. இது காரா. தயவுசெய்து பிடுங்காதீர்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று, அந்தத் தெளிவைக் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

அறிகுறி: நீர்ப்பரப்பே கண்ணுக்குத் தெரியவில்லை

மிதக்கும் செடிகளில் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ‘ஆகாயத்தாமரை’ என்று ஒருவர் சொல்வது வெங்காயத்தாமரையாக இருக்கும், இன்னொருவர் சொல்வது பிஸ்டியாவாக இருக்கும். காம்பு ஊதி, உள்ளே பஞ்சாக, ஊதாப்பூவோடு இருந்தால் வெங்காயத்தாமரை. காம்பே இல்லாமல் இலை ரோஜாப்பூ அடுக்குபோல் இருந்தால் பிஸ்டியா. இலைமேல் முட்டை அடிக்கும் கருவி போன்ற வடிவில் நுண்மயிர் நின்றால் சால்வினியா.

இந்த அடையாளம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சால்வினியாவே சாட்சி. உலகெங்கும் ஏரிகளை மூடிய களையை வேறொரு சால்வினியா இனம் என்று நீண்ட காலம் தவறாக நினைத்தார்கள். அந்த இனத்தின்மேல் வாழும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டும் சரியான பலனில்லை. களை தனி இனம் என்று தெரிந்து, அதன் தாயகமான தென்கிழக்கு பிரேசிலில் தேடியபோதுதான் சைர்டோபேகஸ் சால்வினியே என்ற சின்னக் கூன்வண்டு கிடைத்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் அதை விட்டார்கள். ஓராண்டு வாக்கில் களை ஒடுங்கிவிட்டது. பப்புவா நியூ கினியின் செபிக் ஆற்றில் வண்டு முதலில் நிலைக்கவில்லை. செடியில் நைட்ரஜன் போதாததால் வண்டு பெருகவில்லை என்று கண்டு, சில இடங்களில் செடிக்கு உரம் கொடுத்து வண்டை வளர்த்தார்கள். களைக்கு உரமிட்டுக் களையை ஒழித்த இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும், செடியையும் பூச்சியையும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்.

வெங்காயத்தாமரை நல்ல சூழலில் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிக்கும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு முறை அள்ளி முடித்துவிட்டு விழா எடுக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு மாதந்தோறும் சுற்றி வந்து முளைத்ததைப் பிடுங்க ஆள் வைக்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் வேர்விட்ட ஹைட்ரில்லாவானால் வெட்டும் இயந்திரத்தை யோசித்து இறக்குங்கள். ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும், மண்ணுக்குள் கிழங்கும் மிச்சம் இருக்கும். புல்கெண்டை இதை விரும்பித் தின்னும். கூடுதலாக விட்டால் எல்லாத் தாவரத்தையும் தின்று தீர்த்து, அடுத்த அறிகுறிக்குக் கொண்டுவந்து விடும்.

அறிகுறி: பல ஆண்டுகள் தெளிந்திருந்த ஏரி ஒரே பருவத்தில் கலங்கிவிட்டது

ஆழமில்லாத ஏரிக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் அடியெங்கும் தாவரம், தண்ணீர் தெளிவு. தாவரம் சேற்றைப் பிடித்து வைக்கிறது, டாஃப்னியாவுக்கு ஒளிய இடம் கொடுக்கிறது, அலையை அடக்குகிறது. தெளிவு இருப்பதால் தாவரம் வாழ்கிறது. மற்றதில் தண்ணீர் கலங்கல், அடியில் இருட்டு, தாவரமில்லை. தாவரமில்லாததால் காற்று சேற்றைக் கிளப்புகிறது, கலங்கல் தொடர்கிறது. இரண்டு நிலையும் தன்னைத்தானே தாங்கிப் பிடிக்கும்.

சத்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது ஏரி வெளியே எதையும் காட்டாமல் தாங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு புயல், ஒரு முழுத் தாவர அகற்றல், சேற்றைக் கிளறும் கெண்டை மீனின் பெருக்கம், ஏதோ ஒன்று தள்ளிவிடும். சத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாலும் ஏரி தானாகத் திரும்பாது, அதைவிடக் கீழே இறக்க வேண்டியிருக்கும். உதவியும் தேவைப்படும்: சேறு கிளறும் மீனை வலைபோட்டு எடுப்பது, முடிந்தால் ஒரு பருவத்துக்கு நீர்மட்டத்தைத் தாழ்த்தி விதைகளுக்கு வெளிச்சம் காட்டுவது. ஏரியைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று தெளிந்த தண்ணீரிலுள்ள நீர்த்தாவரத்தை ஒன்றுவிடாமல் வழிப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: பாதியையாவது விட்டுவையுங்கள்.

அறிகுறி: நடுப்பகலில் சிவப்பு, மாலையில் பச்சை

இது யூக்ளினா சாங்குவினியா என்ற ஒற்றைச் செல் உயிர். கடும் வெயிலில் சிவப்பு நிறமியைப் பரப்பி மூடிக்கொள்ளும், வெயில் தணிந்தால் உள்ளிழுக்கும். அழுகும் பொருள் மிகுந்த தண்ணீர் என்று அடையாளம். இதில் மீனைக் கொல்லும் நஞ்சும் உண்டு, படலத்தை வலையால் ஒதுக்கி எடுங்கள். எண்ணெய்போல வானவில் நிறத்தில் மின்னும் படலம் வேறு. குச்சியால் தொட்டால் கண்ணாடிபோலத் துண்டு துண்டாக உடைந்தால் இரும்பு பாக்டீரியா, தீங்கில்லை. உடைந்தது சுழன்று மறுபடி சேர்ந்தால் உண்மையான எண்ணெய்.

அறிகுறி: கடல் சிவக்கிறது, அல்லது இரவில் அலை நீலமாக ஒளிர்கிறது

பகலில் தக்காளிச் சாறுபோல, இரவில் அலை உடையும்போது நீல ஒளி என்றால் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர். தானே நஞ்சு சுரப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கூட்டமாகச் சாகும்போது அம்மோனியாவும் ஆக்சிஜன் குறைவும் மீனைக் கொல்லும். பார்த்து ரசிக்கலாம், அங்கே ஒதுங்கிய மீனை எடுக்க வேண்டாம்.

கரையில் நிற்பவர்களுக்கு இருமலும் கண்ணெரிச்சலும் வந்தால் விலகிப் போங்கள். மெக்சிகோ வளைகுடாவில் கரீனியா பிரெவிஸ் என்ற உயிரின் நஞ்சு அலைச் சாரலோடு காற்றில் கலந்து அப்படிச் செய்கிறது. தண்ணீரின் நிறம் மட்டும் வைத்து மட்டியும் சிப்பியும் பாதுகாப்பு என்று முடிவு செய்ய முடியாது. அவை வடிகட்டித் தின்பதால் நஞ்சைச் சேர்த்து வைக்கின்றன, சமைத்தாலும் போகாது. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த சிப்பியைச் சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், சிலருக்கு நினைவே அழிந்தது. காரணம் டோமோயிக் அமிலம், அதைச் சுரந்தது ஒரு டயட்டம்.

அறிகுறி: கடற்கரையில் பாசிக் குவியல், அழுகிய முட்டை வாடை

குவியலை மிதிக்காதீர்கள். மேலே காய்ந்த ஓடு, உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. 2009-இல் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் இப்படி அழுகிய உல்வா என்ற கடற்பாசியில் சிக்கிய குதிரை செத்தது, ஏறி வந்தவர் மயங்கி விழுந்தார். இலை இலையாகப் பச்சையாக இருந்தால் உல்வா. பெரும்பாலும் வயல்களிலிருந்து ஆறு கொண்டுவரும் நைட்ரேட்டைத் தேடுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் முதலில் பற்றாக்குறையாவது நைட்ரஜன் என்பதால் இங்கே கணக்கு நன்னீருக்குத் தலைகீழாகலாம்.

பழுப்பு நிறம், மணிமணியாகக் காற்றுக் குமிழ் இருந்தால் சர்காசம். 2011-இலிருந்து அட்லாண்டிக்கில் பெரும்பாலும் ஆண்டுதோறும் பெரும் பட்டையாக வருகிறது. 2018 ஜூனில் அது 8,850 கி.மீ. நீளம், 2 கோடி டன்னுக்கு மேல். நடுக்கடலில் ஆமைக்குஞ்சுக்கும் மீன்குஞ்சுக்கும் அது தொட்டில். கரையில் குவிந்தால், அழுகும் முன் சில நாளுக்குள், மணலைச் சுரண்டாமல் வாரவேண்டும்.

அறிகுறி: கடற்புல் படுகை மெலிகிறது

கடற்புல் பாசியல்ல, வேரும் பூவும் உள்ள தாவரம். கடலடியிலேயே பூத்து, தண்ணீரிலேயே மகரந்தம் அனுப்புகிறது. வாழ்வதற்கு மேற்பரப்பு வெளிச்சத்தில் ஏறத்தாழ 10 சதவீதமாவது வேண்டும். மிதவைப் பாசிக்கு 1 சதவீதம் போதும். அதனால் தண்ணீர் கலங்கினால் முதலில் பட்டினி கிடப்பது கடற்புல்தான்.

ஆழமான விளிம்பிலிருந்து பின்வாங்கினால் வெளிச்சக் குறைவு. செக்கி தட்டை இறக்குங்கள். இலைமேல் பழுப்புப் பூச்சு தடித்திருந்தால் சத்து கூடியிருக்கிறது, அல்லது இலையைத் துடைத்து மேயும் நத்தைகள் குறைந்திருக்கின்றன. இலையில் கறுப்புத் திட்டு பரவினால் நோய். 1930-களில் லாபிரிந்துலா என்ற நுண்ணுயிர் அட்லாண்டிக்கின் இருபுறமும் கடற்புல்லை அழித்தபோது, அதன்மேல் மட்டுமே வாழ்ந்த ஒரு சின்ன ஓட்டு நத்தை இனமும் உலகைவிட்டே போனது. நேர்கோட்டில் வெறுமை என்றால் படகு விசிறியோ நங்கூரமோ.

அறிகுறி: பவளப் பாறையில் பாசி மூடுகிறது, அல்லது கெல்ப் காடு மொட்டையாகிறது

கெல்ப் என்பது மரம்போல உயர்ந்து வளரும் பழுப்புக் கடற்பாசி. இரண்டிலும், உருண்டை உடம்பெங்கும் முள்ளோடு பாசியை மேயும் கடல் முள்ளெலியை எண்ணுங்கள். கரீபியனில் 1983-84-இல் நீண்ட முள் கொண்ட டயடீமா முள்ளெலிகள் நோயில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தன. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்த ஜமைக்காவில், பாறைமேல் பாசி 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமானது. வட கலிபோர்னியாவில் இதற்கு நேர்மாறு. 2013-இல் தொடங்கிய நோயில் முள்ளெலியைத் தின்னும் பெரிய நட்சத்திர மீன்கள் செத்தன, கடலும் சூடானது. முள்ளெலி பெருகி, கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போனது. முதல் இடத்தில் மேய்பவரைப் பாதுகாக்க வேண்டும், இரண்டாவதில் மேய்பவரைத் தின்பவரை. பவளம் வெறும் வெள்ளையாக மாறியிருந்தால் அது வேறு: சூட்டால் அதன் உடம்புக்குள் வாழும் பாசி வெளியேறிவிட்டது. திசு இன்னும் உயிரோடு இருக்கலாம், தொடாமல் விடுங்கள்.

அறிகுறி: வரும் சத்தை நிறுத்தியாயிற்று, பாசி மட்டும் நிற்கவில்லை

அப்படியானால் சேற்றைப் பாருங்கள். அடியில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் விட்டுவிடும். பல ஆண்டுகள் சேர்த்த சத்து அடியிலிருந்தே ஊறி வரும். கோடையில் அடித்தண்ணீரை எடுத்துப் பாஸ்பரஸ் அளந்தால், மேல் தண்ணீரைவிடப் பல மடங்கு இருந்தால், இதுதான் காரணம்.

ஆழமான ஏரி என்றால் பொறுமை பலிக்கும். சியாட்டில் அருகே வாஷிங்டன் ஏரிக்கு வந்த கழிவுநீரை 1963-இலிருந்து 1968-க்குள் திருப்பிவிட்டார்கள். 1 மீட்டரில் மறைந்த செக்கி தட்டு சில ஆண்டுகளில் 3 மீட்டருக்கு இறங்கியது. 1976-இல் டாஃப்னியா பெருகியதும் இன்னும் இரு மடங்கு தெளிந்தது. ஆழமில்லாத ஏரியில் காத்திருந்து பயனில்லாமல் போகலாம். சுவீடனின் டிரம்மன் ஏரிக்குக் கழிவை நிறுத்தி 10 ஆண்டு கழிந்தும் மாற்றமில்லை. 1970, 1971 இரண்டு ஆண்டுகளில் மேல் வண்டலை ஏறத்தாழ 1 மீட்டர் உறிஞ்சி எடுத்தபின்தான் தெளிந்தது. தூர் வாருமுன் வண்டலில் குழாயைச் செருகி, எத்தனை செ.மீ. ஆழம்வரை கறுப்பாக இருக்கிறது என்று பல இடங்களில் அளந்துகொள்ளுங்கள். அதன் கீழே இருப்பது ஏரியின் பழைய தரை, அதைத் தொட வேண்டாம்.